லோன் சாங்ஷன் தெரியும், எகனாமிக் சாங்ஷன் தெரியாது: பிஎச்.டி. நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தோடு இரண்டு வருடம்

பள்ளியில் தமிழ்வழி. எம்.ஏ. பொருளாதாரத் தேர்வுகளையும் தமிழில்தான் எழுதினேன். பிஎச்.டி. சேரலாம் என்று முடிவெடுத்தபோது பாடம் என்னைப் பயமுறுத்தவில்லை, ஆங்கிலம் பயமுறுத்தியது. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சிக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் வினாத்தாள், மொழிப்பாடங்கள் தவிர, ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். 3 மணி நேரத்தில் 150 கேள்வி. அத்தனையையும் ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொண்டால்தான் நமக்குத் தெரிந்த பொருளாதாரமே வெளியே வரும். நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கை நடத்தலாம் என்று 2024-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்த பிறகு இதன் எடை இன்னும் கூடிவிட்டது. ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வாகாதவர்களுக்கு நெட் 70 சதவீதம், நேர்காணல் 30 சதவீதம்.

முதல் ஆறு மாதம் காசு கட்டி ஒரு செயலியில் படித்தேன். பெயர் வேண்டாம். தினமும் பத்து அரிய சொற்கள், நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டால் பச்சை விளக்கு. 180 நாள் விடாமல் செய்தேன். அப்புறம் ஒரு பழைய வினாத்தாளை எடுத்துப் பார்த்தால், படித்து விடை சொல்லக் கொடுத்திருந்த ஆங்கிலப் பத்தியில் அந்தச் சொற்களில் ஒன்றுகூட இல்லை. ஐந்து கேள்வியில் இரண்டுதான் சரி.

அதன் பிறகு ஆங்கிக்கு மாறினேன். நினைவில் வைக்க வேண்டியதை அட்டை அட்டையாகக் காட்டிப் பழக்கும், 2006 முதல் இருக்கும் மென்பொருள். ஆண்ட்ராய்டில் ஆங்கிட்ராய்டு இலவசம், ஐபோனில் மட்டும் ஒருமுறை காசு கட்ட வேண்டும். அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. சுலபமாக நினைவுக்கு வந்தால் அந்த அட்டை பல நாள் கழித்து வரும், மறந்துவிட்டால் சீக்கிரமே திரும்பி வரும். குரோம்பேட்டையில் ரயில் ஏறினால் மாம்பலம் வருவதற்குள் அறுபது அட்டை முடிந்துவிடும். ஆரம்பத்தில் ஒரு தப்பு செய்தேன். நாளுக்கு 20 புதிய அட்டை என்று அதிலிருந்த அளவை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டாவது மாதமே திரும்பப் பார்க்க வேண்டியவை 200-ஐத் தாண்டின. 8 ஆகக் குறைத்த பிறகுதான் மூச்சு வந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு நான் சொல்லும் அளவு அதுதான்.

ஒரே அட்டையை எட்டு முறை மறந்தால் ஆங்கி அதை ‘லீச்’ என்று குறித்து ஒதுக்கி வைக்கும். தமிழில் லீச்சும் அட்டைதான் என்பது எனக்குப் பிடித்துப்போன பொருத்தம். ஒதுக்கப்பட்டவற்றை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே வாக்கியம் இல்லாமல் வெறும் அர்த்தம் மட்டும் எழுதிய அட்டைகள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் ஞாயிறுதோறும் எதிரில் உட்காரும் அக்கா ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டு, “தம்பி, அர்த்தத்தை எழுதாதீங்க. எந்த வாக்கியத்துல மாட்டினீங்களோ அதை எழுதுங்க” என்றார். அன்றே மாற்றினேன்.

எந்தச் சொற்களைப் படிப்பது? நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட அகடமிக் வேர்ட் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டேன். மொத்தம் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே வேரிலிருந்து வரும் சொற்களின் தொகுதிகள். ஆராய்ச்சி எழுத்தில் துறை வேறுபாடின்றித் திரும்பத் திரும்ப வருபவை. எட்டு மாதத்துக்குள் முடித்தேன், பலனும் இருந்தது.

ஆனால் பத்தியில் என்னைக் கவிழ்த்தவை தெரியாத சொற்கள் இல்லை. தமிழிலேயே தினமும் புழங்கும் ஆங்கிலச் சொற்கள்தான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று, அதனால்தான் இதை எழுதுகிறேன். லோன் சாங்ஷன் ஆகிவிட்டது என்று வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! அதனால் எகனாமிக் சாங்ஷன் என்று பத்தியில் வந்ததும் பொருளாதார அனுமதி என்றே படித்தேன். அங்கே அதற்குத் தடை என்று பொருள், நேர் எதிர். டிஸ்கவுன்ட் என்றால் நமக்கு ஆடித் தள்ளுபடி. ஒரு கோட்பாட்டை ஆசிரியர் டிஸ்கவுன்ட் செய்கிறார் என்றால் அதைப் பொருட்படுத்தவில்லை என்று பொருள். குவாலிஃபைடு சப்போர்ட் என்பதைத் தகுதியுள்ளவர்களின் ஆதரவு என்று நினைத்தேன்; நிபந்தனையோடு கூடிய அரைகுறை ஆதரவு அது. தெரியாத சொல் என்றால் நின்று பார்ப்போம். தெரிந்த சொல்லில் நிற்காமல் போய்விடுகிறோம். இப்படி 140 சொற்களுக்கு ஆங்கியில் தனி அட்டைக் கட்டு வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பதில் அதைத்தான் பெரிதாக மதிக்கிறேன்.

இலக்கணத்துக்குப் பயிற்சிப் புத்தகங்கள் இரண்டு வாங்கினேன், இரண்டிலும் பாதி தாண்டவில்லை. நமக்கு எது இடறுகிறது என்பது அவற்றில் இல்லை. தமிழில் வினை கடைசியில் வந்து எல்லாவற்றையும் முடித்து வைக்கும். ‘2005-இல் அமைக்கப்பட்ட குழு’ என்று அடைமொழி முன்னால் வரும். ஆங்கிலத்தில் அது பெயருக்குப் பின்னால் தொங்கும். ‘த ஃபைன்டிங்ஸ் ஆஃப் த கமிட்டி விச் வாஸ் அப்பாயின்டட் இன் 2005 ஹேவ் பீன் இக்னோர்டு’ என்ற வாக்கியத்தில் ‘ஹேவ்’ யாருடையது? குழுவுடையது அல்ல, ஃபைன்டிங்ஸுடையது. நீளமான வாக்கியம் வந்தால் முதலில் முதன்மை வினையைத் தேடி, அதன் சொந்தக்காரரைப் பிடிப்பேன். நடுவில் இருப்பது பிறகு தானாகப் புரியும். பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளுக்கும் இதே பழக்கம் உதவுகிறது.

‘எ’, ‘ஆன்’, ‘த’ என்ற ஆர்ட்டிகிள் விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ‘எ ஃபியூ ஸ்காலர்ஸ்’ என்றால் சில அறிஞர்கள். அந்த ‘எ’ இல்லாமல் ‘ஃபியூ ஸ்காலர்ஸ்’ என்றால் அப்படிப்பட்டவர்கள் அரிது. நமக்கு இரண்டும் ‘சில’ என்றுதான் தோன்றும். ஆசிரியரின் கருத்து என்ன என்று கேட்கும் கேள்வியில் அந்த ஓரெழுத்து விடையையே மாற்றிவிடும்.

வாசிப்புக்குத் தலையங்கம் படி என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் படித்தேன், இப்போதும் படிக்கிறேன். ஆனால் தலையங்கத்தில் செய்தி முன்பே தெரிந்திருக்கும், அதனால் புரிந்ததுபோல ஒரு மயக்கம் வரும். எனக்கு அதைவிட உதவியவை, இலவசமாகக் கிடைக்கும் என்சிஇஆர்டி பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள். அதிலும் எனக்குச் சம்பந்தமே இல்லாத உளவியலும் அரசியலும். ஒரு பக்கம் படித்ததும் மூடிவிட்டு, ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று தமிழில் இரண்டு வரி எழுதுவேன். எழுத முடியவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள். ‘ஹௌஎவர்’, ‘ஆல்தோ’ போன்ற திருப்பச் சொற்களை விட்டுவிட்டால் அந்த இரண்டு வரி தலைகீழாகிவிடும்.

தேர்வு கணினியில் என்பதால் கடைசி மூன்று மாதம் பயிற்சியையும் திரையிலேயே செய்தேன். பென்சிலால் அடிக்கோடு போடும் கை அங்கே சும்மா இருக்க வேண்டும். அது பழக எனக்கு நாள் பிடித்தது.

இப்போது பழைய தாள்களின் பத்தியில் நான்கு சரியாக வருகிறது, பல நாள் ஐந்தும். மூன்றாவது முயற்சியில் பிஎச்.டி. சேர்க்கைக்கான தகுதியும் வந்தது. நேர்காணலில் ஆங்கிலம் பேசுவதற்கு இந்தப் படிப்பு முறை உதவவில்லை, அதைத் தனியாகத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். கட்டு மட்டும் வளர்கிறது. போன வாரம் சேர்த்த சொல் ‘என்டர்டெயின்’. ஒரு நீதிமன்றம் மனுவை என்டர்டெயின் செய்யவில்லை என்று ஒரு பத்தியில் இருந்தது. விசாரணைக்கு ஏற்கவில்லை என்று பொருள். அந்த வாக்கியத்தோடுதான் அட்டை எழுதினேன்.