ஏர் பிஸ்டல்: சைட்டைத் திருகுவதா, டிரிகரில் பழகுவதா?

10 மீட்டர் தூர இலக்கைச் சுடும் ஏர் பிஸ்டலில், இலக்கின் நடு வளையத்துக்கு உரிய பத்து விழுவது குறைந்துபோனால் கைவசம் இரண்டு வழிகள் இருக்கின்றன. குறிபார்க்க உதவும் பின்பக்கப் பள்ளமான ரியர் சைட்டின் திருகாணிகளைச் சில கிளிக் திருப்பிப் பார்க்கலாம். அல்லது பெல்லட் எனும் சிறு குண்டைப் போடாமலே டிரிகரை இழுத்துப் பழகும் டிரை ஃபயரில் நேரத்தைச் செலவிடலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவன் என்பதால், இந்த ஒப்பீட்டில் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சைட்டைத் திருத்துவதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ரியர் சைட்டை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். குண்டுகள் நெருக்கமாக ஒரே இடத்தில் விழுந்து, அந்த குரூப் மொத்தமும் நடுவிலிருந்து தள்ளி இருந்தால் திருகாணியைத் தொடலாம். பெல்லட்டோ ரேஞ்சின் வெளிச்சமோ மாறும்போதும், போட்டிக்கு முன் தரப்படும் 15 நிமிடத்திலேயே இதை முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

குண்டுகள் சிதறும்போது சைட்டைத் திருப்புவதுதான் வம்பு. வலக்கைக்காரர் டிரிகரை வெடுக்கென்று இழுத்தால் குண்டு பெரும்பாலும் இடப்புறம் கீழே இறங்கும். அதை ஈடுகட்ட சைட்டை வலப்புறம் மேலே ஏற்றிவைத்தால், அடுத்து ஒழுங்காக விடுபட்ட குண்டு வலப்புறம் மேலே போய் உட்காரும். ஆக, சரியாகச் சுட்டதற்குத்தான் அபராதம்.

என் தேர்வைத் தீர்மானித்தது ஒரு சின்னக் கணக்கு. பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பின்னால் உள்ள ரியர் சைட்டும் குழல் முனையில் உள்ள ஃபிரண்ட் சைட்டும் ஒழுங்காகப் பொருந்தியிருக்க, கை ஆடி, பிஸ்டல் திசை மாறாமல் 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் அதே 5 மி.மீ. தான் நகரும், பத்து பத்தாகவே இருக்கும். ஆனால் சைட்டுகளுக்கு இடையே சுமார் 33 செ.மீ. உள்ள பிஸ்டலில், ரியர் சைட்டின் பள்ளத்துக்குள் ஃபிரண்ட் சைட் ஒரே ஒரு மி.மீ. விலகினாலும், 10 மீட்டரில் அது முப்பது மடங்காகி குண்டு ஏழில் விழுந்துவிடும். அந்த விலகல் நேர்வது பெரும்பாலும் விரலின் கடைசி அசைவில். ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டலில், விதிப்படி குறைந்தது 500 கிராம் அழுத்தம் வேண்டிய டிரிகரை, ஒற்றைக் கையை நீட்டியபடி இழுக்கிறோம் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. எந்தத் திருகாணியும் இந்தப் பிழையைத் தொடுவதில்லை.

டிரை ஃபயரின் பயன் இங்கேதான் தெரிகிறது. வெள்ளைச் சுவரை நோக்கி நிற்கும்போது கண்ணை இழுக்க இலக்கு இல்லாததால், பார்வை ஃபிரண்ட் சைட்டின் மேல்விளிம்பிலேயே நிற்கும். டிரிகர் 'டிக்' என்று விடுபடும் கணத்தில் அந்த விளிம்பு அசையாமல் நின்றதா, முணுக்கென்று தாழ்ந்ததா என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ரேஞ்சில் பாதிப் பேர் அந்தக் கணத்திலேயே, எத்தனை விழுந்தது என்று திரையைப் பார்க்கத் தாவிவிடுகிறோம்.

மொரினி 162 ஈஐ, ஸ்டையர் எல்பி 10 போன்ற போட்டிப் பிஸ்டல்களில் டிரை ஃபயருக்கென்றே தனி வசதி உண்டு. ஸ்பிரிங்கில் இயங்கும் மலிவு விலைப் பிஸ்டலை வெறுமனே இயக்கினால் உள்ளே பிஸ்டன் அடிபட்டுக் கெடும் என்பதால், அது வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. 25 மீட்டர் போட்டியில், தோட்டா போட்டுச் சுடும் .22 பிஸ்டலின் பின்னுதைப்பும் சேர்ந்துகொள்கிறது. அங்கே எனக்குப் பழக்கம் குறைவு, ஆகவே இதே வழியை அங்கும் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.