பன்னிரண்டு கம்பி எலக்ட்ரிக் கிட்டார்: தலை சாய்ந்தால் எதை மாற்றுவது?

கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு இடது கையை எடுத்துப் பாருங்கள். கிட்டாரின் தலை, அதாவது நெக் என்னும் நீண்ட கழுத்தின் நுனி, தரையை நோக்கி இறங்கினால், கோர்டு பிடிக்கும் கையே அதைத் தாங்கும் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது என்று அர்த்தம். ஆறு கம்பியில் சமாளிக்கலாம். பன்னிரண்டில் ஜோடி ஜோடியாக அழுத்தவே பலம் போதாது, இதில் இந்தச் சுமை வேறு.

கம்பியை முறுக்கும் ட்யூனர் ஒன்று 40 கிராம் என்று வைத்தாலும் மொத்தம் 480 கிராம், அதுவும் நெக்கின் நுனியில். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1964-இல் வாசித்த ரிக்கன்பேக்கர் 360/12-இல் பாதி ட்யூனர்களைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி, தலையின் நீளத்தைக் குறைத்தார்கள். 1965-இல் வந்த ஃபெண்டர் பன்னிரண்டு கம்பிக்கு ஹாக்கி மட்டை போல நீண்ட தலை. ஆனால் உடலின் மேல் கொம்பும் (நெக் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனை) நீளம், ஸ்ட்ராப் மாட்டும் பட்டன் அதன் நுனியில், அதனால் தாங்கும் இடம் தலைப் பக்கம் நகர்கிறது. சிக்கல் கிப்சன் நிறுவனத்தின் எஸ்ஜி வடிவத்தில்தான்: மெல்லிய உடல், பட்டனோ நெக் உடலோடு சேரும் அடிப்பகுதிக்குப் பின்னால். என்னிடம் இருப்பதும் அந்த வடிவம்தான்.

எல்லோரும் முதலில் வாங்குவது சொரசொரப்பான அகலத் தோல் ஸ்ட்ராப். மலிவு, கிட்டாரில் துளை போட வேண்டாம். ஆனால் எடை எங்கேயும் போய்விடவில்லை, சட்டைதான் பிடித்து நிறுத்துகிறது. வழுவழுப்பான சட்டை போட்ட அன்று காலரும் சேர்ந்தே இழுபடும். ஸ்ட்ராப்பைத் தலையில் கட்டுவதை நான் கணக்கில் எடுக்கவில்லை. முதல் ஃப்ரெட்டில் கை இடிக்கும்.

உண்மையான போட்டி மற்ற மூன்றுக்குள்: லேசான ட்யூனர், பின்பக்கம் எடை, பட்டனை இடம் மாற்றுவது. 25 கிராம் ட்யூனர்களுக்கு மாறினால் 180 கிராம் குறையும். பட்டனிலிருந்து தலை 50 செ.மீ. என்றால் 9,000 கிராம்-செ.மீ. லாபம் (எடையைத் தூரத்தால் பெருக்கினால் வரும் சாய்க்கும் வலு). அதே லாபத்தைப் பின்பக்கம் ஈயம் வைத்துப் பெற, 30 செ.மீ. தூரத்தில் 300 கிராம் வேண்டும். ஒன்றில் கிட்டார் இளைக்கிறது, மற்றதில் பெருக்கிறது. தோளைக் கேட்டால் பதில் சொல்லும். ஆனால் பன்னிரண்டு ட்யூனர் விலையைப் பர்ஸிடமும் கேட்க வேண்டும். பழைய துளைக்குப் புதியது பொருந்துமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

பட்டனை மேல் கொம்பு நுனிக்கு மாற்றினால்? மூன்றரைக் கிலோ கிட்டாரில் 4 செ.மீ. முன்னால் போனாலே 14,000 கிராம்-செ.மீ. லாபம். தோராயக் கணக்குதான், ஆனால் செலவு ஒரு ஸ்க்ரூ. சின்ன பிட்டால் முதலில் துளை போடாவிட்டால் கொம்பில் விரிசல் விழும். பழைய, விலைமதிப்புள்ள கிட்டாரில் இதைச் செய்யாதீர்கள், மறுவிற்பனை அடிபடும்.

எதை வாங்கும் முன்னும் பின் பட்டனில் ஒரு பையைக் கட்டி, நெக் நிற்கும்வரை எடை ஏற்றிப் பாருங்கள். என் கிட்டாருக்கு அரைக் கிலோ ரவை பாக்கெட் ஒன்று முழுசாகத் தேவைப்பட்டது. பட்டனை மாற்றிய பிறகு அதே பையில் நான்கு பத்து ரூபாய் நாணயங்கள் போதுமாயின. அந்த மிச்சத்தைத் தோல் ஸ்ட்ராப் பார்த்துக்கொள்கிறது. ட்யூனர்கள் பழையவையே.