இணையத்தில் வீடு விற்பது: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

சொத்து விளம்பரத் தளங்களை விற்பவர் பக்கமிருந்து வெகுநாள் பயன்படுத்தியதில் உறுதியாகச் சொல்ல முடிவது இது: வாங்குபவர் அங்கே செய்யும் முதல் வேலை கழித்துக்கட்டுவது. ஃபில்டர் போட்டுப் பட்டியலைச் சுருக்குகிறார், முதல் படத்தைப் பார்த்தே பலவற்றைத் தள்ளிவிடுகிறார், மிஞ்சும் நாலைந்துக்குத்தான் போன் செய்கிறார். நல்ல வீடுகூட விலை போகாமல் கிடப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் அநியாயமாக அடிபட்டுப் போவதால்தான்.

விலையில் தொடங்குவோம். தளத்தில் ஃபில்டர் ‘50 லட்சம் வரை’, ‘50 முதல் 60 லட்சம் வரை’ என்று இருந்தால், 49.9 என்று போட்ட வீடு முதல் வகைக்காரர்களுக்கு மட்டும் தெரியும். சரியாக 50 என்று போட்டால் இரண்டு பக்கமும் தெரியும். 50.5 என்றால் ‘50 வரை’ தேடுபவர் கண்ணில் படவே படாது. கொஞ்சம் பேசிக் குறைக்கலாம் என்று நாம் மனதில் வைத்திருப்பது ஃபில்டருக்குத் தெரியாது. பார்க்கிங், லிஃப்ட், எந்த மாடி, கட்டடத்தின் வயது என்று எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் பல தளங்களில் ‘இல்லை’ என்றே கணக்காகும். வரைபடக் குறியையும் கையால் இழுத்து வையுங்கள். முகவரியை மட்டும் கொடுத்தால் அது தெருவின் நடுவிலோ பகுதியின் மையத்திலோ போய் உட்கார்ந்துகொள்ளும்.

படங்களில் அவசரமே கூடாது. போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, நெஞ்சு உயரத்தில், சுமார் நாலரை அடியில் எடுக்க வேண்டும். நின்ற வாக்கில் கண் உயரத்தில் எடுத்தால் போன் தன்னால் கீழே சாயும், சுவர்கள் ஒன்றை நோக்கி ஒன்று சரிந்து தெரியும். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு கதவு நிலையை அதோடு பொருத்திப் பாருங்கள். போன் கேமராவில் 0.5 என்று இருக்கும் அகலக் கோணம் அறையைப் பெரிதாகக் காட்டும்தான். ஆனால் ஓரத்தில் இருக்கும் கட்டில் இழுத்தாற்போல் நீண்டு தெரியும், நேரில் வருபவர் வாசலிலேயே ஏமாந்துவிடுவார். குளியலறை போன்ற சின்ன இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். 2700 கெல்வின் மஞ்சள் பல்பும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கும் ஒரே அறையில் எரிந்தால் கேமரா நிறத்தைக் கோட்டைவிடும், சுவர் அழுக்காகத் தெரியும். ஒரே நிற விளக்குகளை மட்டும் போடுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஜன்னலில் நேர்வெயில் அடிக்கும் நேரம் வேண்டாம். லென்ஸைத் துணியால் துடைப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படம் முழுக்கப் பனி மூட்டமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். சாவி, பெட்டகம், குடும்பப் படங்கள் எதுவும் பதிவாகக் கூடாது. சாவியின் பற்கள் தெளிவாகத் தெரிந்தால் படத்தைப் பார்த்தே மாற்றுச் சாவி செய்ய முடியும்.

அறை அளவுகள் குறித்த ஒரு தரைப்படத்தை, கையால் வரைந்ததானாலும், சேர்த்துவிடுங்கள். வீண் வருகையை இதைப்போல் குறைப்பது வேறொன்றும் இல்லை. பரப்பளவு சுவருக்கு உள்பக்கமா, சுவரையும் பொதுவழியையும் சேர்த்தா என்று எழுதிவிட்டால் பாதிக் கேள்விகள் அடங்கும்.

எல்லாம் தயாராகும் வரை விளம்பரத்தை ஏற்றாதீர்கள். தேடலைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு ‘புதியது’ என்ற அறிவிப்பு முதலில் ஒருமுறை போகும். படமில்லாமல் ஏற்றிவிட்டுப் பிறகு சேர்த்தால் அந்த வாய்ப்பு போச்சு.

அதன்பின் எண்களைக் கவனியுங்கள். பார்வையே குறைவு என்றால் கோளாறு ஃபில்டர் விவரத்திலோ முதல் படத்திலோ இருக்கிறது. பார்க்கிறார்கள், அழைப்பு இல்லை என்றால் விலையும் மற்ற படங்களும். நேரில் வந்துவிட்டு மறுபடி பேசாமல் போகிறார்கள் என்றால் விளம்பரம் சொல்லாத ஏதோ ஒன்று, நீர்க்கசிவு, பக்கத்துச் சத்தம், குறுகலான வழி, அவர்களைத் துரத்துகிறது. அதை விளம்பரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. அதைப் பொருட்படுத்தாதவர்கள் மட்டும் வருவார்கள். காசு கட்டி விளம்பரத்தை மேலே ஏற்றும் வசதி பார்வையை மட்டுமே கூட்டும், மற்ற இரண்டு கோளாறுகளுக்கும் அது மருந்தில்லை. விலையைக் குறைப்பதானால் அடுத்த ஃபில்டர் எல்லை வரை ஒரே தடவையாகக் குறையுங்கள். சிறுகச் சிறுக இறக்கினால் காத்திருந்தால் இன்னும் இறங்கும் என்று வாங்குபவர் கணக்குப் போடுவார்.

பல தரகர்களிடம் கொடுத்தால் ஒரே வீடு வெவ்வேறு விலையில் வலம் வரும். வாங்குபவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மிகக் குறைந்த விலையிலிருந்துதான் பேரத்தை ஆரம்பிப்பார். யாரிடம் கொடுத்தாலும் விலையை எழுத்தில் கொடுங்கள்.

வீட்டைப் பார்க்காமலேயே முன்பணம் அனுப்புகிறேன் என்று கியூஆர் கோடு அனுப்புபவர் மோசடிக்காரர். பணம் பெற ஸ்கேன் செய்யவோ ரகசிய எண் (PIN) போடவோ தேவையே இல்லை. பத்திர நகலை விளம்பரத்தில் ஏற்றாதீர்கள், முகம் பார்த்துப் பேசிய பிறகு காட்டினால் போதும்.

வீடு கைமாறியதும் எல்லாத் தளங்களிலும், தரகர்கள் போட்டவை உட்பட, விளம்பரத்தை நீக்கச் சொல்லுங்கள். விட்டுவைத்தால் அதே படங்களைத் திருடி ‘வாடகைக்கு’ என்று போட்டு முன்பணம் கறப்பவர்கள் உண்டு. புது உரிமையாளர் வாசலில் அந்நியர்கள் வந்து நிற்பார்கள். சில வாரம் கழித்து முதல் படத்தைப் படத்தேடலில் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.