தோர்தோன் பள்ளத்தாக்கு: காரை நிறுத்திவிட்டுப் படகில் ஏறுங்கள்

பிரான்ஸின் தென்மேற்கில் ஓடும் தோர்தோன் ஆற்றுப் பக்கம் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆகஸ்டில் காரை நம்பாதீர்கள். லா ரோக் கஜாக் ஊரில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆறு, நடுவில் ஒடுங்கிய சாலை. முதல் நாள் அங்கேயே ஒரு மணி நேரம் நின்றோம். மறுநாள் வித்ராக்கில் துடுப்புப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து பெனாக் வரை ஆற்றோடு இறங்கினோம். அந்த மூன்று மணி நேரத்துக்காகவே இன்னொரு முறை போவேன்.

கோடையில் நீரோட்டம் மெதுவாகத்தான் இருக்கிறது, பல இடங்களில் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது. முதல் நாள் காருக்குள் எரிச்சலோடு பார்த்த அதே லா ரோக் கஜாக், தண்ணீரிலிருந்து பார்த்தால் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்ட தேன் நிற வீடுகள். 1957-இல் அந்தப் பாறையின் ஒரு பகுதி சரிந்து சில வீடுகளை நொறுக்கியிருக்கிறது, அதன் அடியில் இன்னமும் மக்கள் குடியிருக்கிறார்கள். அப்புறம் இடது கரைக் குன்றில் காஸ்டெல்னோ கோட்டை, சற்றுத் தள்ளி வலது கரையில் பெனாக் கோட்டை. நூறாண்டுப் போரில் காஸ்டெல்னோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம், பெனாக் பிரெஞ்சுக்காரர் பக்கம். இரண்டும் எவ்வளவு அருகருகே இருந்துகொண்டு முறைத்திருக்கின்றன என்பது ஆற்றில் போனால்தான் புரிகிறது.

குறையும் உண்டு. சாப்பாடு, போன் எல்லாம் வைக்கத் தந்த பிளாஸ்டிக் டிரம்மின் மூடி சரியாக இறுகவில்லை, ரொட்டி முழுக்க நனைந்துவிட்டது. கிளம்பும் முன்பே திருகிப் பாருங்கள். திரும்ப ஏற்றிக்கொள்ள வரவேண்டிய வேனுக்கும் வெயிலில் நாற்பது நிமிடம் காத்திருந்தோம்.

சாப்பாடு என்றால் இங்கே வாத்துதான். வாத்துக்காலை அதன் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்து, பிறகு தோல் மொறுமொறுவென்று வரும்வரை வாட்டித் தருகிறார்கள், கரண்டி பட்டாலே எலும்பிலிருந்து சதை கழன்றுவிடுகிறது. சைவர்கள் கவனிக்க வேண்டியது, கூட வரும் பூண்டு போட்ட சார்லா ஊர்ப் பாணி உருளைக்கிழங்கும் வாத்துக் கொழுப்பில்தான் வறுபடுகிறது. அவர்களுக்கு வால்நட் தூவிய சாலட்டின் மேல் சூடாக வைத்துத் தரும் கபேக்கூ ஆட்டுப்பால் சீஸ் இருக்கிறது, நன்றாகவே இருக்கும். கொழுக்க வைத்த வாத்தின் ஈரலான ஃபுவா கிரா எல்லாக் கடையிலும் கிடைக்கும். வாத்தின் தொண்டையில் குழாய் வைத்துத் திணித்து வளர்க்கிறார்கள் என்பதால் நான் தொடவில்லை.

ஆதிமனிதர்களின் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகையின் அசல் 1963-லிருந்தே மூடிக் கிடக்கிறது, மோந்தின்யாக் ஊரில் பார்ப்பது 2016-இல் திறந்த நகல். அசல் ஓவியமே வேண்டுமென்றால் லேசெசி ஊரில் உள்ள ஃபோன் த கோம் குகைக்குப் போங்கள், சிலரைத்தான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள்.

சனிக்கிழமை சார்லா சந்தையை விட்டுவிடாதீர்கள். வால்நட் எண்ணெய் சின்ன பாட்டிலாக வாங்குங்கள், திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும்.