உலோகம் விழுங்கும் பிம்பம்: ஸ்பின் எக்கோவா, கிரேடியன்ட் எக்கோவா?

ஒரே டைட்டேனியம் திருகு. காப்பர் சல்பேட் கலந்த நீரில் தொங்கவிட்டு, ஒரே எம்ஆர்ஐ கருவியில் கிரேடியன்ட் எக்கோ, ஸ்பின் எக்கோ என்ற இரண்டு படமெடுப்பு முறைகளிலும் எடுத்தால் இரண்டு வெவ்வேறு பொருள்களோ என்று தோன்றும்.

கிரேடியன்ட் எக்கோவில் திருகே தெரியாது. அதைவிடப் பல மடங்கு பருத்த கரும்பொட்டுதான் தெரியும். உலோகத்தைச் சுற்றிக் காந்தப்புலம் கோணலாவதால் அணுக்களின் சுழற்சி ஒன்றுக்கொன்று தாளம் தப்பி, சிக்னல் அழிந்துபோகிறது. எக்கோ நேரத்தை, அதாவது சிக்னலைப் பிடிக்கும்வரை காத்திருக்கும் நேரத்தை, கூட்டினால் பொட்டு இன்னும் ஊதும்.

ஸ்பின் எக்கோ 180 டிகிரி ரேடியோ அலைத் துடிப்பால் அந்தத் தாளத்தைத் திரும்பச் சேர்த்துவிடும். கருமை சுருங்கும். ஆனால் இதை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். இடப்பிறழ்வை அந்தத் துடிப்பு சரிசெய்யாது: சிக்னல் ரீட்அவுட் திசையில் (அதிர்வெண்ணை வைத்து இடத்தைக் கணிக்கும் திசை) நகர்ந்து, ஓரத்தில் வெள்ளைப் பிறையாகக் குவிந்து கிடக்கும். கண்ணால் பார்த்துக் கருப்பை மட்டும் அளந்தால் இந்தப் பிறை கணக்கில் வராது.

உடலில் பொருத்தும் பொருள்கள் எம்ஆர்ஐ படத்தை எவ்வளவு கெடுக்கின்றன என்று அளக்கும் ஏஎஸ்டிஎம் எஃப்2119 தரநிலை இங்கேதான் கைகொடுக்கிறது. உலோகம் இல்லாத படத்தோடு ஒப்பிட்டு, சிக்னல் 30% கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பிக்சல் பழுதுதான். பொருளின் விளிம்பிலிருந்து பழுதின் எல்லைவரை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். ரீட்அவுட் திசையை மாற்றியும் எடுக்க வேண்டும்.

தரநிலை ஸ்பின் எக்கோ, கிரேடியன்ட் எக்கோ இரண்டையும் கேட்கிறது. ஒரே எண்ணைத்தான் சொல்ல முடியும் என்றால், நான் கிரேடியன்ட் எக்கோ எண்ணையே சொல்வேன். பெரும்பாலும் மோசமான நிலையைக் காட்டுவது அதுதான். நோயாளியைப் படமெடுக்க மட்டும் ஸ்பின் எக்கோ, அதுவும் அகலமான பேண்ட்விட்த்தோடு (சிக்னலை வாங்கும் அதிர்வெண் வரம்பு).