“சாதாரண பிளக்கே போதும்” என்று சொல்லி விற்ற எஸ்பிரெஸோ மெஷின்

மலேசியாவின் நிபோங் திபாலில் ரொட்டி, கேக், கோப்பி விற்கும் சின்னக் கடை எங்களுடையது. இரண்டு குரூப் (கோப்பி இறங்கும் தலை) உள்ள பழைய எஸ்பிரெஸோ மெஷின் ஒன்றை ‘ரீகண்டிஷன்’ என்று சொல்லி 9,500 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு வியாபாரி எங்கள் தலையில் கட்டிவிட்டார். பெயர் வேண்டாம். ஆள் வேறானாலும் கைவரிசை இதேதான், பழைய மெஷின் தேடும் எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும்.

அவர் சொன்னவை: புது கேஸ்கெட், புது பம்ப், ஆசிட்டில் கழுவிய பாய்லர், 6 மாத வாரண்டி, 13 ஆம்பியர் பிளக்கே போதும், வயர்மேனுக்குத் தனியாகச் செலவில்லை. இவற்றில் கேஸ்கெட் மட்டும் உண்மை.

பிளக் விஷயத்தைக் கவனியுங்கள். நீரைச் சூடாக்கும் எலிமெண்ட் 3,900 வாட். 230 வோல்ட்டில் அது 17 ஆம்பியர் இழுக்க வேண்டும். 13 ஆம்பியர் பிளக்கில் அது எப்படி ஓடும்? ஓடியது. எலிமெண்டில் மூன்று வளையங்கள். எரிந்துபோன ஒன்றைக் கழற்றிவிட்டு இரண்டை மட்டும் இணைத்திருந்தார்கள். இழுத்தது 11 ஆம்பியர். சலுகையாகச் சொன்னதே பழுதுதான்.

கோப்பியில் இது எப்படித் தெரியும்? காலையில் முதல் இரண்டு கப் அருமை. கூட்டம் வந்து பாலும் காய்ச்சத் தொடங்கியதும் நாலாவது கப் புளிக்கும், பால் நுரை முட்டை முட்டையாக வரும். பாய்லரின் அழுத்தம் 1.1 பார் என்றால் உள்ளே நீர் ஏறக்குறைய 122 பாகை. 0.6 பாருக்கு இறங்கினால் 113தான். குரூப்பும் கூடவே ஆறிவிடும். புகார் செய்தால் ஒரே பதில்: “உங்கள் அரைப்பு சரியில்லை, கொட்டையை மாற்றுங்கள்.” கொட்டையையும் அவரே விற்றார், பையில் வறுத்த தேதி இல்லாமல்!

எஸ்பிரெஸோ பழகுகிறவர்கள் இந்தப் பதிலை நம்பிவிடுவார்கள். நம்பாதீர்கள். வழக்கமான அளவு இது: 18 கிராம் தூளில் 36 கிராம் கோப்பி, 25 முதல் 30 வினாடியில் இறங்க வேண்டும். அரைப்பு தவறினால் முதலில் மாறுவது வினாடி. எடையும் வினாடியும் அப்படியே இருந்து முதல் கப்பும் ஐந்தாவது கப்பும் வேறு ருசி என்றால், சந்தேகப்பட வேண்டியது சூட்டை. இடது குரூப் 28 வினாடி, அதே தூளில் வலது குரூப் 40 வினாடி என்றால் கொட்டையைக் குறை சொல்ல வழியே இல்லை. ஆசிட்டில் பாதி கழுவிய பாய்லரிலிருந்து பெயர்ந்த சுண்ணாம்புச் செதில், குரூப்புக்கு நீர் விடும் மெல்லிய ஜெட் துளையை அடைத்திருக்கும். நம் குழாய்த் தண்ணீர் மென்மையானது, அவ்வளவு சீக்கிரம் படியாது. அந்தச் சுண்ணாம்பு பெரும்பாலும் முன்பு ஓடிய ஊரிலிருந்து மெஷினோடு வந்தது.

இனிச் சொல்லப்போவது உயிர் விஷயம். மிச்சமிருந்த வளையங்களில் ஒன்றில் மின்சாரம் கசியத் தொடங்கி, கடையின் மெயின் சுவிட்ச் அடிக்கடி விழுந்தது. சரி செய்ய வந்த ஆள் பழுது பார்க்கவில்லை. பச்சை-மஞ்சள் எர்த் வயரைக் கழற்றிவிட்டுப் போனார். சுவிட்ச் விழுவது நின்றது. ஆனால் கசியும் மின்சாரம் மெஷினின் உடம்பில் நிற்கும், ஈரக் கையோடு தொடுபவர் வழியாகத்தான் இறங்கும். யாராவது இப்படி ‘சரி செய்தால்’ மெஷினை அப்போதே அணைத்து, லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

பார்க்கப் போகும்போது மெஷின் ஆறிக் கிடக்க வேண்டும். சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சூடேறியபின் சில கசிவுகள் மறைந்துவிடும். பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லி, மூட்டுகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா பாருங்கள். வாட் எழுதிய தகடு இல்லாத மெஷின் வேண்டாம். பிறகு மெஷினைப் போட்டு, வயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை லைன் வயரில் மாட்டி ஆம்பியர் பாருங்கள். தகட்டிலுள்ள வாட்டை 230-ஆல் வகுத்தால் வருவதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 11 லிட்டர் பாய்லர், 3,900 வாட் என்றால் சுமார் 20 நிமிடத்தில் 1.1 பார் வர வேண்டும். அரை மணி தாண்டினால் கிளம்பிவிடுங்கள்.

பம்பை வெறுமனே ஓட்டி 9 பார் காட்டுவது வித்தை. இரண்டு குரூப்பிலும் தூள் போட்டு ஒரே நேரத்தில் இறக்குங்கள். அப்போதும் முள் 9 பக்கமே நிற்க வேண்டும். எங்களுடையது 6-க்கு இறங்கியது. பிறகு கைப்பிடி மாட்டாமல் இரண்டிலும் 10 வினாடி நீர் பிடித்து எடை போட்டுப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் இரண்டு நீராவிக் குழாயையும் அரை நிமிடம் முழுதாகத் திறந்து மூடுங்கள். அழுத்தம் இறங்குவது இயல்பு. மூடியபின் ஒரு நிமிடத்தில் ஏறாவிட்டால் எலிமெண்ட் போதவில்லை.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வழக்கமாக வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் பொருளுக்கானது. இரண்டு குரூப் மெஷின் அதில் அடங்கும் என்று வாதாடுவது கடினம். ஆகவே பில்தான் கவசம். எங்கள் பில்லில் ‘உள்ளது உள்ளபடி’ என்று இருந்தது. 6 மாத வாரண்டி வாய்ப்பேச்சு, அதுவும் கூலிக்கு மட்டுமாம். சீரியல் எண், வாட், இரண்டு குரூப்பும் சேர்ந்து ஓடும்போது 9 பார், எலிமெண்ட், பம்ப், மின்னணு போர்டு மூன்றுக்கும் பாகத்தோடு வாரண்டி, எத்தனை மாதம் என்பது உட்பட எல்லாம் எழுத்தில் வேண்டும். ஐந்தில் ஒரு பங்குப் பணத்தை, உங்கள் கடையில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மெஷின் தாங்கியபின் கொடுங்கள்.