போர்டில் 7 சதவீதம், கையில் எவ்வளவு?

போன மாதம் திருப்பூரில் சித்தி தன் பாஸ்புக்கை என்னிடம் நீட்டினார். சீட்டு எடுத்த பணம் 3 லட்சம், சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறது. மூன்று மாதத்துக்கு விழுந்த வட்டி ஏறக்குறைய 1,880 ரூபாய். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பேங்க்ல 7 பர்சன்ட்னு போர்டு வச்சிருக்காங்க. மாத்திடவா?" என்று கேட்டார்.

2011 அக்டோபர் வரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. சேமிப்புக் கணக்குக்கு எல்லா வங்கியிலும் ஒரே வட்டிதான். அந்த மாதம் ரிசர்வ் வங்கி கட்டுப்பாட்டை நீக்கியது. பெரிய வங்கிகளுக்கு நம் பணம் தானாகவே வந்துவிடுகிறது, அதனால் வட்டியைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். ஸ்டேட் வங்கி 2025 ஜூனில் 2.5 சதவீதத்துக்கு இறங்கியது. சித்தி சொன்னது போன்ற சிறு நிதி வங்கிகளுக்கு (ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்க்) டெபாசிட் தேவை, அதனால் கூடுதலாகத் தருகிறார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

ஆனால் போர்டில் இருக்கும் 7 பெரும்பாலும் மேல்தட்டுத் தொகைக்கானது. உதாரணத்துக்கு, முதல் 1 லட்சத்துக்கு 3 சதவீதம், 1 முதல் 5 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 7 சதவீதம் என்று ஒரு வங்கி வைத்திருக்கிறது என்போம். சித்தியின் 3 லட்சத்தில் முதல் லட்சத்துக்கு 3,000, மீதி இரண்டு லட்சத்துக்கு 10,000. ஆக வருஷத்துக்கு 13,000. சராசரி 4.3 சதவீதம்தான், ஏழு எங்கே போயிற்று? இப்போது 2.5 சதவீதத்தில் கிடைக்கும் 7,500-ஐ விட இது நல்லதுதான். ஆனால் அந்த 7 சதவீதத்தை நினைத்து மனசில் 21,000 என்று கணக்குப் போட்டிருந்தால் வருத்தப்படத்தான் வேண்டும். கணக்குத் தொடங்கும் முன் வட்டி அட்டவணையைக் கேட்டு வாங்கி, உங்கள் தொகையை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, குறைந்தால் அபராதம் எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சின்ன வங்கியில் போட்டால் பணம் பத்திரமா? 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. பெரிய வங்கி, சிறு நிதி வங்கி இரண்டுக்கும் அதே வரம்புதான். அந்த எல்லைக்குள் இருந்தால் நான் தயங்க மாட்டேன். தாண்டினால் ஒரே இடத்தில் வைக்க மாட்டேன்.

தபால் அலுவலகத்தைப் பலரும் மறந்துவிடுகிறோம். அங்கே முதல் ரூபாயிலிருந்தே 4 சதவீதம், 3 லட்சத்துக்கு 12,000. மேலே சொன்ன 13,000-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, அரசாங்க உத்தரவாதமும் உண்டு. ஒரு சிக்கல்: மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. 12-ஆம் தேதி எடுத்து 20-ஆம் தேதி திருப்பிப் போட்டாலும், எடுத்த தொகைக்கு அந்த மாதம் வட்டி கிடையாது. வங்கிகளில் தினசரி இருப்புக்குக் கணக்கிடுவார்கள். அடிக்கடி போட்டு எடுப்பவர்களுக்குத் தபால் கணக்கு சரிவராது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: இருக்கிற கணக்கிலேயே ஆட்டோ ஸ்வீப். 50,000-க்கு மேல் உள்ள பணம் தானாக வைப்பு நிதியாக (ஃபிக்ஸட் டெபாசிட்) மாறிவிடும், தேவைப்பட்டால் தானாகவே உடைந்து கணக்குக்கு வரும். வைப்பு வட்டி 6 சதவீதம் என்று வைத்தால் இரண்டரை லட்சத்துக்கு 15,000, மீதி 50,000-க்கு 1,250. பாதியில் உடைத்தால் உடைத்த பகுதிக்கு வட்டி குறையும், 7 நாளுக்குள் உடைத்தால் ஒன்றும் கிடைக்காது. இதில் வரியையும் பாருங்கள். பழைய வரி முறையில் 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சேமிப்பு வட்டியில் 10,000 வரை கழிவு உண்டு, வைப்பு நிதி வட்டிக்கு அது இல்லை. புதிய முறையில் இரண்டுக்குமே இல்லை.

லிக்விட் ஃபண்ட், அதாவது குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்ட் பற்றியும் சித்தி கேட்டார். விற்றால் பணம் வர ஒரு வேலை நாள் ஆகும், உடனடி வசதி இருந்தாலும் நாளுக்கு 50,000-தான் உச்சம். சித்திக்கு அது வேண்டாம் என்றேன். இரண்டு வருஷம் முன்பு சித்தப்பாவுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு நெஞ்சு வலி வந்தபோது, ஆஸ்பத்திரி கேஷ் கவுன்ட்டரில் 40,000 முன்பணம் கேட்டார்கள். சித்தி டெபிட் கார்டைத் தேய்த்து அப்போதே கட்டினார். இந்த 3 லட்சமும் அப்படிப்பட்ட ராத்திரிக்கான பணம். எங்கே வைத்தாலும் கார்டைத் தேய்த்தால் வர வேண்டும்.

ஆக சித்திக்கு ஸ்வீப்தான் என்று முடிவு செய்தோம். கணக்கில் ஏழெட்டு லட்சம் இருந்து, மாதாமாதம் பெரிய தொகை வந்து போகும் கடைக்காரராக இருந்திருந்தால் சிறு நிதி வங்கியில் 5 லட்சத்துக்குள் ஒரு பகுதியை வைக்கச் சொல்லியிருப்பேன்.

பத்து நாள் கழித்து சித்தி பதறிப்போய் போன் செய்தார்: "பாஸ்புக்ல 50,000-தான் காட்டுது!" மீதி வைப்பு நிதிப் பக்கத்தில் தனியாக இருக்கும், அந்த ஸ்டேட்மென்ட்டையும் கேட்டு வாங்குங்கள் என்றேன். நீங்களும் ஸ்வீப் போட்டால் முதல் நாளே இதை வீட்டில் சொல்லி வையுங்கள்.